மதத்தின் பேரால் துரத்தப்பட்டு பிரிட்டன் வந்தவருக்குத் துணை நிற்பது எப்படி?

உங்கள் தேவாலயத்துக்கு ஓர் ஈரானியர் புதிதாக வரத் தொடங்கியிருக்கிறார். அல்லது பிள்ளையின் பள்ளி வாசலில் பழக்கமான பாகிஸ்தான் குடும்பம், தாங்கள் அஹ்மதியாக்கள் (தங்களை முஸ்லிம்களாகக் கருதினாலும் பாகிஸ்தான் அப்படி ஏற்காத பிரிவினர்) என்றும் தஞ்சக் கோரிக்கைகளை முடிவு செய்யும் உள்துறை அமைச்சான ஹோம் ஆபிஸிலிருந்து மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொல்கிறது. உதவ மனம் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லப்போவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இலவச சட்ட உதவிக்கு வேறு ஏற்பாடு உண்டு. விதிகளும் அடிக்கடி மாறும். கெடு நாள், கட்டணம் போன்றவற்றுக்கு எந்தக் கட்டுரையையும், இதையும் சேர்த்துத்தான், நம்பாதீர்கள். கையில் இருக்கும் கடிதத்தைப் பாருங்கள்.

நாடுகடத்தலைத் தடுப்பது என்றதும் விமான நிலையத்தில் பதாகை பிடிக்கும் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்தபின் செய்ய முடிவது கொஞ்சம்தான். பெரும்பாலான கேஸ்கள் அதற்கு வெகு முன்பே, ஒரு சின்ன அறையில் ஹோம் ஆபிஸ் நடத்தும் இன்டர்வியூவிலும், மறுப்புக் கடிதம் வந்த பிறகான இரண்டு வாரத்திலும் ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

சட்டம் எவ்வளவு தெரிந்தால் போதும்?

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சம் உள்ளவரே அகதி. அவரை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33-ஆம் பிரிவு. இதோடு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவும் இருக்கிறது. சித்திரவதைக்கு ஆளாகும் உண்மையான ஆபத்து இருக்கும் இடத்துக்கு எவரையும் அனுப்பக் கூடாது என்பது அதன் பொருள்.

எந்த அளவு ஆபத்து என்ற கேள்விக்கு பிரிட்டனில் விடை வந்தது தமிழர் வழக்கு ஒன்றில். 1987 டிசம்பரில் சிவகுமாரன் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, துன்புறுத்தல் நடப்பதற்கு 'நியாயமான அளவு வாய்ப்பு' இருந்தால் போதும் என்றது. ஆனால் அந்த அளவுகோலின்படியே தஞ்சம் கேட்ட தமிழ் இளைஞர்களின் கோரிக்கையை மறுத்தது சரி என்றும் சொல்லிவிட்டது. 1988 பிப்ரவரியில் ஐந்து பேர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்தபடி மேல்முறையீடு செய்தார்கள். 1989-ல் தீர்ப்பாளர் அவர்களது அச்சம் உண்மையானதுதான் என்றார், அதன்பின் மறுபடி பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள். தஞ்சம் மறுக்கப்பட்டவர்கள் பிரிட்டனில் இருந்தபடியே அப்பீல் செய்ய 1993-ல் வந்த சட்டம் பொதுவாக வழி திறந்தது. இன்று உங்கள் ஈரானிய நண்பர் அப்பீல் முடியும்வரை இங்கே இருக்க முடிவது அந்த உரிமையால்தான்.

2022 ஜூன் 28 முதல் செய்யப்பட்ட கோரிக்கைகளுக்கு இந்த அளவுகோலின் ஒரு பகுதி இறுக்கப்பட்டிருக்கிறது. இவர் உண்மையிலேயே கிறிஸ்தவரா, உண்மையிலேயே அஞ்சுகிறாரா என்பதை இப்போது 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். திரும்பிப் போனால் ஆபத்தா என்ற கேள்விக்குப் பழைய அளவுகோலே தொடர்கிறது. ஆக, மத நம்பிக்கை உண்மைதான் என்று காட்டும் ஆதாரத்தின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது. நண்பர்களும் சபையாரும் செய்யக்கூடிய வேலை பெரும்பாலும் இந்த முதல் பாதியில்தான் இருக்கிறது.

'ஊருக்குப் போய் அடக்கமாக இருந்துகொள்ள வேண்டியதுதானே?'

இந்தக் கேள்வியை அதிகாரிகளும் கேட்பார்கள், நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். பதில் 2010-லேயே வந்துவிட்டது. ஈரானையும் கேமரூனையும் சேர்ந்த இரண்டு ஓரினச்சேர்க்கையாளர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், துன்புறுத்தலுக்கு அஞ்சித்தான் ஒருவர் தன்னை மறைத்து வாழ்வார் என்றால் அவர் அகதிதான் என்றது. 2012 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஜெர்மனியில் தஞ்சம் கேட்ட இரு பாகிஸ்தான் அஹ்மதியாக்கள் வழக்கில், மத வழிபாட்டைக் கைவிட்டுத் தப்பித்துக்கொள் என்று எதிர்பார்க்க முடியாது என்றது.

பாகிஸ்தானில் 1974-ல் அரசியலமைப்பைத் திருத்தி அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவித்தார்கள். 1984-ஆம் ஆண்டின் 20-ஆம் அவசரச் சட்டத்துக்குப் பிறகு, ஓர் அஹ்மதி தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டாலோ, தன் தொழுகைக்கூடத்தை மசூதி என்று அழைத்தாலோ, தன் மதத்தைப் பரப்பினாலோ மூன்று ஆண்டுவரை சிறை. தெய்வ நிந்தனைச் சட்டத்தின் 295-சி பிரிவுக்கு மரண தண்டனை. ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் அதன்கீழ் 2010-ல் தண்டிக்கப்பட்டு, 2018 அக்டோபரில் விடுதலையாகி, பிறகும் அங்கே வாழ முடியாமல் கனடா போனார்.

ஆனால் அஹ்மதி என்றாலே தஞ்சம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தஞ்ச அப்பீல்களை முதலில் முதல் தீர்ப்பாயமும், அதன்மேல் மேல் தீர்ப்பாயமும் விசாரிக்கின்றன. 2012-ல் மேல் தீர்ப்பாயம் தந்த வழிகாட்டுத் தீர்ப்பின்படி, தன் நம்பிக்கையை வெளிப்படையாகக் கடைப்பிடிப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்பதே கேள்வி. ஈரானுக்கு 2020-ல் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. இஸ்லாத்திலிருந்து மாறிய ஒருவர் கிறிஸ்தவத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிக்க விரும்பினால் அவருக்கு ஆபத்து உண்டு. மறைப்பார் என்றால் ஏன் மறைப்பார் என்று பார்க்க வேண்டும். காரணங்களில் பயமும் ஒன்றாக இருந்தால் போதும், அப்பீலை அனுமதிக்க வேண்டும். குடும்பம் வருத்தப்படுமே என்பதற்காக மட்டும் மறைப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. 'ஊரில் நான் சும்மாதான் இருப்பேன்' என்று இன்டர்வியூவில் ஒருவர் சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்காமல் போனால் என்ன நடக்கும் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நீங்கள் செய்யக் கூடாதது

முறையான பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது பிரிட்டனில் குற்றம். காசு வாங்காவிட்டாலும் குற்றம்தான். சொலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற வக்கீல்கள் தவிர, முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று அழைக்கப்பட்டு 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை ஆணையம் என்று பெயர் மாறியிருக்கும் அமைப்பிடம் பதிவு செய்தவர்கள் மட்டுமே சொல்லலாம். படிவத்தை மொழிபெயர்த்துச் சொல்லலாம். கூடப் போகலாம், காகிதங்களை அடுக்கித் தரலாம், சொலிசிட்டரைத் தேடித் தரலாம். 'இதை இப்படிச் சொல்லுங்கள், அதைச் சொல்லாதீர்கள்' என்று சொல்லத் தொடங்கினால் எல்லை தாண்டுகிறீர்கள்.

'கேஸ் எழுதித் தருகிற' அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், தெரியும்தானே. அவர்களால் பாழான கேஸ்கள் நம் சமூகத்திலேயே ஏராளம். அந்த வேலையை நல்லெண்ணத்தோடு செய்தாலும் விளைவு ஒன்றுதான்.

வருமானம் இல்லாத தஞ்சக் கோரிக்கையாளருக்கு அரசு செலவில் வக்கீல் கிடைக்கும். லீகல் எய்ட் என்று கேட்டால் போதும். ஆனால் லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் லீகல் எய்ட் சொலிசிட்டர் கிடைப்பதே பெரும்பாடு. ஐந்து இடத்தில் இடமில்லை என்பார்கள், ஆறாவது இடத்தில் காத்திருக்கச் சொல்வார்கள். ஆங்கிலம் தெரிந்த நீங்கள் உட்கார்ந்து வரிசையாகப் போன் போடுவதே அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியாக இருக்கலாம். யாருக்கு, எந்த நாள் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். கெடு தவறினால் காரணம் காட்ட அந்தக் குறிப்பு உதவும்.

இன்டர்வியூவுக்கு முன்

முதலில் ஒரு சிறிய நேர்காணல் நடக்கும். பெயர், பயண வழி, ஏன் வந்தீர்கள் என்று இரண்டு வரி. இதைச் சும்மா பதிவு என்று நினைத்து அலட்சியமாகச் சொல்கிறார்கள். பின்னால் நடக்கும் பெரிய இன்டர்வியூவில் சொல்வதோடு இது ஒரு தேதியில் முரண்பட்டாலும் மறுப்புக் கடிதத்தில் அது வரும். இங்கே தவறாகப் பதிவானது ஏதாவது இருந்தால் சொலிசிட்டர் மூலம் உடனே எழுத்தில் திருத்த வேண்டும்.

பெரிய இன்டர்வியூவில் வயது வந்தவரோடு பொதுவாக வக்கீல் வரமாட்டார். ஆகவே முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டியவை சில. ஒலிப்பதிவு வேண்டும் என்று கேட்கலாம். பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓர் அஹ்மதிக்கு எதிரே உட்கார்ந்து உருது பெயர்ப்பவர், அஹ்மதியாக்களை வெறுக்கும் சூழலில் வளர்ந்தவராக இருக்கலாம். பாரசீகம் பெயர்ப்பவருக்கு ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி போன்ற சொற்கள் கைவராமல் போகலாம். புரியவில்லை என்றாலோ, சங்கடமாக இருந்தாலோ அங்கேயே, பதிவாகும்படி சொல்ல வேண்டும். வெளியே வந்து உங்களிடம் சொல்லிப் பயன் இல்லை. இன்டர்வியூ முடிந்ததும் கேள்வி-பதில் பிரதி தருவார்கள். அதை அவர் மொழியில் வரிவரியாகப் படித்துக் காட்ட ஏற்பாடு செய்து, பிழைகளைச் சில நாட்களுக்குள் சொலிசிட்டர் வழியாக அனுப்ப வேண்டும்.

வேத வினாடி வினாவுக்குத் தயார்ப்படுத்துவது போலப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் சில சபைகளில். பெந்தெகொஸ்தே எப்போது வரும், லெந்து என்ற தபசுகாலம் எத்தனை நாள் என்ற வகைக் கேள்விகள் வந்ததுண்டு. 2016-ல் நாடாளுமன்ற அனைத்துக் கட்சிக் குழு ஒன்று இந்தப் பழக்கத்தை விமர்சித்தது. அதற்கும் முன்னரே, 2004-ல், ஐ.நா. அகதிகள் ஆணையம் மதக் கோரிக்கைகளுக்கான தன் வழிகாட்டுதலில், மத அறிவு மனிதருக்கு மனிதர் வேறுபடும், நம்பிக்கைக்கு அதுவே அளவுகோல் ஆகாது என்று சொல்லியிருந்தது. நிலைமை முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2019-ல் ஓர் ஈரானியருக்கு வந்த மறுப்புக் கடிதத்தில், பைபிளிலிருந்தே வன்முறை வசனங்களை எடுத்துக்காட்டி, கிறிஸ்தவம் சமாதான மதம் என்று நீ சொன்னது பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும், அது தங்கள் கொள்கைக்கு ஏற்றதல்ல என்று ஹோம் ஆபிஸே ஒப்புக்கொண்டது.

மனப்பாடத்தால் வரும் கேடு வேறு. மனப்பாடம் செய்தவர் எல்லாவற்றையும் ஒரே தொனியில் ஒப்பிப்பார். அதிகாரிக்கு அது கேட்கும்போதே தெரிந்துவிடும். அவர் சொல்ல வேண்டியது தன் கதை. யார் முதலில் பேசினார்கள், எந்த வீட்டில் கூடினார்கள், கதவை யார் பார்த்துக்கொண்டார்கள், எது பிடிக்கவில்லை, எப்போது சந்தேகம் வந்தது, அம்மாவிடம் சொன்னாரா. ஈரானில் அர்மீனிய, அசிரியக் கிறிஸ்தவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. மதம் மாறியவர்களுக்கு இல்லை. பாரசீக மொழியில் ஆராதனை நடத்த முடியாததால் அவர்கள் வீடுகளில் ரகசியமாகக் கூடுகிறார்கள். பிடிபட்டால் பெரும்பாலும் தேசப் பாதுகாப்பைக் கெடுத்ததாகத்தான் வழக்கு. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். உங்கள் வேலை அவர் நிதானமாக நினைவுபடுத்திக்கொள்ள இடம் தருவது, வரிசையை அவரே எழுதிக்கொள்ள உதவுவது, அவ்வளவுதான். வந்து பல மாதம் கழித்துத் தஞ்சம் கேட்டிருந்தால் அந்தத் தாமதத்துக்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தாமதத்தை நம்பகத்துக்கு எதிராக எண்ணச் சொல்கிறது.

ஆதாரம்

பாகிஸ்தான் பாஸ்போர்ட்டில் மதத்துக்கு ஓர் இடம் உண்டு. முஸ்லிம் என்று பதிய வேண்டுமானால், அஹ்மதியா இயக்கத்தை நிறுவியவரை மறுதலித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே பாஸ்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறது, ஏன் என்பதை சொலிசிட்டர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். அஹ்மதியாக்களுக்கு இன்னொரு வசதி: பிரிட்டனில் உள்ள அவர்கள் சங்கம், பாகிஸ்தானில் ரப்வாவில் உள்ள தலைமையகத்திடம் விசாரித்து உறுப்பினர் என்று கடிதம் தரும். விசாரணைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மதம் மாறியவர்களுக்குச் சபையின் சாட்சிதான் முதுகெலும்பு. 2001-ல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, போதகர் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, தீர்ப்பாயத்தில் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது எதிர்பார்ப்பாகிவிட்டது. கடிதத்தில் நான் பார்க்க விரும்புவது இதுதான்: எப்போது முதலில் வந்தார், எவ்வளவு அடிக்கடி வருகிறார், ஆராதனை தவிர வேறு எதில் கலந்துகொள்கிறார், ஞானஸ்நானத்துக்கு முன் சபை எப்படிச் சோதித்தது, எந்த மொழியில் பேசிக்கொண்டீர்கள், அவருக்குத் தஞ்சக் கோரிக்கை இருப்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது. இரண்டு மாதம் வராமல் இருந்தாரா, அதையும் எழுதுங்கள். 'இவர் மிக நல்லவர், தயவுசெய்து விசா கொடுங்கள்' என்ற கடிதத்துக்கு எடை இல்லை. பத்துப் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட கடிதங்கள் கெடுதலே செய்யும்.

2024 ஜனவரியில் லண்டன் கிளாப்பமில் அரிக்கும் ரசாயனத் திரவம் வீசித் தாக்கியவர், மதம் மாறியதாகச் சொல்லித் தஞ்சம் பெற்றவர் என்று தெரியவந்தபின், சபைகள் மேலேயே நாடாளுமன்றக் குழுவில் கேள்விகள் எழுந்தன. அதனால் போதகர்கள் பயந்து ஒதுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்த்ததை மட்டும் எழுதினால் பயப்பட எதுவும் இல்லை. விசாரணை நாளைக் கணக்கிட்டு அவசரமாக ஞானஸ்நானம் கொடுப்பதைத் தவிருங்கள்.

பேஸ்புக் பதிவுகளை அச்செடுத்துக் கொடுப்பது பலரிடம் இருக்கும் பழக்கம். ஈரான் வழக்கு ஒன்றில் 2022-ல் மேல் தீர்ப்பாயம், முழுக் கணக்கின் மின்னணுப் பதிவு இல்லாமல் வெறும் அச்சுப் பிரதிகளுக்கு மதிப்பு மிகக் குறைவு என்றது. அவர் படத்தை நீங்கள் உங்கள் சபைப் பக்கத்தில் போடுவதும் வேண்டாம். ஊரில் அவர் தம்பி இருக்கிறான், அவனுக்கு ஆபத்து வரலாம். அதே காரணத்துக்காக, எந்த ஆவணத்துக்காகவும் அவர் நாட்டுத் தூதரகத்தை நீங்களாகத் தொடர்புகொள்ளாதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால்

கடிதத்தின் தேதி, உறையின் தேதி இரண்டையும் படம் எடுத்து அன்றே சொலிசிட்டருக்கு அனுப்புங்கள். பிரிட்டனுக்குள் இருப்பவருக்கு அப்பீல் செய்ய 14 நாள்தான். நேரத்தோடு அப்பீல் போட்டால் அது முடியும்வரை பொதுவாக நாடுகடத்த முடியாது. 'வெளிப்படையாகவே அடிப்படையற்ற கோரிக்கை' என்று ஹோம் ஆபிஸ் சான்றிட்ட கேஸ்களுக்கு இது பொருந்தாது. அப்படி ஒரு வரி கடிதத்தில் இருந்தால் அன்றே போன் செய்ய வேண்டும். வீடு மாறினால் புதிய முகவரியை ஹோம் ஆபிஸுக்கும் சொலிசிட்டருக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பழைய விடுதிக்குப் போன கடிதத்தால் உரிமையை இழந்தவர்கள் உண்டு.

முதல் தீர்ப்பாயம் மறுத்தால், சட்டப் பிழை இருந்தால் மட்டும் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுவும் முடிந்தபின் புதிய ஆதாரம் வந்தால் மேலதிக சமர்ப்பிப்பு செய்யலாம். நம்மவர்கள் பிரெஷ் கிளைம் என்பார்கள். முன்பு பார்க்கப்படாத விஷயமாக இருக்க வேண்டும், நீதிபதி ஏற்கக்கூடிய நியாயமான வாய்ப்பும் இருக்க வேண்டும். இங்கேயும் ஒரு தமிழர் வழக்கு குறுக்கே வருகிறது. 2002-ல் தேவசீலன் வழக்கில், முதல் நீதிபதியின் தீர்ப்பே இரண்டாவது நீதிபதிக்குத் தொடக்கப் புள்ளி என்று முடிவானது. முதல் அப்பீலில் 'இவர் பொய் சொல்கிறார்' என்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அதைத் தாண்டி வருவது கடினம். முதல் அப்பீலுக்கே முழு ஆதாரமும் போக வேண்டும் என்று சொலிசிட்டர்கள் மன்றாடுவது இதனால்தான்.

சைன் போடப் போய்த் திரும்பாவிட்டால்

அப்பீல் உரிமைகள் முடிந்தவர்கள், ஹோம் ஆபிஸ் குறித்த நாளில் ஆஜராக வேண்டிய ரிப்போர்ட்டிங் சென்டரில் சைன் போடப் போகும்போதே பிடித்து வைக்கப்படலாம். போகாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். போகும் நாளில் சொலிசிட்டர் எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கேமரா உள்ள போனை உள்ளே வாங்கிக்கொண்டு சாதாரணப் போன் கொடுப்பார்கள், மனப்பாடமாக எந்த எண்ணும் இருக்காது. உள்ளே போகும்போதும் வெளியே வந்ததும் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். குறித்த நேரத்தில் வராவிட்டால் யார் சொலிசிட்டரை அழைப்பது, மருந்து எங்கே இருக்கிறது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீத்ரோ, கேட்விக் பக்கத்திலும் வேறு சில இடங்களிலும் தடுப்பு நிலையங்கள் இருக்கின்றன. வக்கீல் இல்லாதவர் உள்ளே போனதும் இலவச சட்ட ஆலோசனைக்கான பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும், முதல் அரை மணி நேரம் எவருக்கும் இலவசம். ஜாமீன் விஷயத்தில் 'பெயில் ஃபார் இமிகிரேஷன் டிடெய்னீஸ்' என்ற அமைப்பு உதவுகிறது. நீங்கள் தங்க இடம் தருவதாகச் சொன்னால் ஜாமீன் மனுவுக்கு வலு கூடும். சொன்னபின் பின்வாங்க முடியாது என்பதால் வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

பயணத் தேதி குறித்த கடிதம் வந்தால் மிச்சம் இருப்பது நீதித்துறை மறு ஆய்வு, அதாவது ஹோம் ஆபிஸ் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிபதியைப் பார்க்கச் சொல்வது. அது தோற்றால், கடைசியாக ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திடம் 39-ஆம் விதியின்படி இடைக்காலத் தடை. இரண்டும் வக்கீல் வேலை. மீள முடியாத தீங்கு உடனடியாக நேரும் என்று காட்டினால்தான் ஸ்ட்ராஸ்பர்க் தலையிடும், மிக அரிதாகவே கொடுக்கும். அந்த வேளையில் நீங்கள் செய்ய வேண்டியது உள்ளூர் எம்.பி.யின் அலுவலகத்தை அழைப்பது. கேஸ் எண், பிறந்த தேதி, விமான எண், சொலிசிட்டர் பெயர், அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஆகியவை கையில் இல்லாமல் அழைத்தால் அலுவலகத்தில் எதுவும் செய்ய முடியாது. அந்தச் சம்மதக் கடிதத்தைச் சாதாரண நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கப் போவதானால் முன்பதிவு வேண்டும், உங்கள் அடையாள அட்டையும் வேண்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒவ்வொரு நிலையத்துக்கும் பார்வையாளர் குழு இருக்கும், அவர்களோடு சேர்ந்து போகலாம். ஈரானியரைப் பார்க்கப் போகும்போது பாரசீக பைபிள் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்பார்கள். எதைக் கொடுக்க அனுமதி உண்டு என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.